கனவு கண்டவனும் கணக்குப் போட்டவனும்

நாவலாசிரியன் ஜோசியன் அல்ல. அவன் எழுதிய ஒரு விஷயம் பதினைந்து வருஷம் கழித்து உலகத்தில் நடந்துவிட்டது என்பதற்காக அவனைப் பாராட்டுவது இலக்கிய விமர்சனம் ஆகாது. பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்து, மழையும் பெய்துவிட்டால் பஞ்சாங்கம் காவியமாகிவிடுவதில்லை. ஆனால் அப்படி நடந்த பிறகு அந்த நாவலைத் திரும்பவும் எடுத்துப் படிப்பதில் ஒரு பிரயோசனம் உண்டு. நாவலில் பல பேர் பேசுகிறார்கள். பல விதமாகப் பேசுகிறார்கள். யார் சொன்னது நடந்தது, யார் சொன்னது பொய்த்தது என்று தெரிந்துகொண்டு படிக்கும்போது, ஆசிரியர் தம் பாத்திரங்களை எவ்வளவு தூரம் அறிந்திருந்தார் என்பது புலப்படுகிறது. ஜோசப் ஓநீல் 2008ல் வெளியிட்ட 'நெதர்லாண்ட்' என்ற ஆங்கில நாவலை இன்று படிக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்கும். அமெரிக்காவிலே கிரிக்கெட் ஆடுகிறவர்களைப் பற்றிய நாவல் அது.

நாவலுக்குப் போவதற்கு முன்னால் உலகத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் வருஷம் ஜூலை 13ஆம் தேதி, டெக்ஸாஸ் ராஜ்யத்திலே டாலஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள கிராண்ட் ப்ரெய்ரி என்ற ஊரில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. பேஸ்பால் ஆடுவதற்காகக் கட்டப்பட்டு 2008ல் திறக்கப்பட்ட மைதானம் அது. அங்கே ஆடிவந்த பேஸ்பால் கோஷ்டி கலைந்துபோகவே, கிரிக்கெட்டுக்கென்று திருத்தி அமைத்துக்கொண்டார்கள். ஏழாயிரம் பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். மேஜர் லீக் கிரிக்கெட் என்ற புதிய அமெரிக்கப் பந்தயத் தொடரின் முதல் ஆட்டம் அன்று நடந்தது. டெக்ஸாஸ் சூப்பர் கிங்ஸ் கோஷ்டி 181 ரன் எடுத்து, லாஸ் ஏஞ்செலஸ் நைட் ரைடர்ஸ் கோஷ்டியை 112 ரன்னில் மடக்கி, 69 ரன் வித்தியாசத்தில் ஜயித்தது.

சூப்பர் கிங்ஸ் என்ற பெயரையும் மஞ்சள் சட்டையையும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சென்னைக் கோஷ்டியின் சொந்தக்காரர்களும் அமெரிக்கக் கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து வாங்கிய கோஷ்டி அது. 2023ல் அதன் தலைவர் தென்னாப்பிரிக்காக்காரரான டு ப்ளெஸ்ஸி. அப்போது பயிற்சியாளர் நியூஸிலாந்துக்காரரான ப்ளெமிங். இருவருமே சென்னையில் பழகிய முகங்கள். ஆனால் இந்தியாவில் இன்னும் ஓய்வு பெறாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் எவரும் அங்கே ஆடமுடியாது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதிப்பதில்லை. ஆகவே சென்னை என்பது அங்கே சட்டையில் இருக்கிறது, கொடியில் இருக்கிறது, ஆடுகிற ஆளில் இல்லை. ராஜாவை வேண்டாம் என்று சொல்லிச் சண்டை போட்டுத் தனியாகப் போன தேசத்தில், 'மகா ராஜாக்கள்' என்று பொருள்படும் ஒரு கோஷ்டி கடல் கடந்து போய் இறங்கியிருப்பது வேடிக்கைதான்.

இதற்குப் பிரான்சைஸ் என்று பெயர். வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. ஒரு கம்பெனியின் பெயரையும் சரக்கையும் இன்ன ஊரில் விற்கலாம் என்று பணம் கட்டி உரிமை வாங்கிக்கொள்வது. கிரிக்கெட்டில் இதற்கு முன்பு இருந்தது கிளப். நாலு பேர் சாயங்காலத்தில் கூடி ஆடினார்கள், எட்டுப் பேரானார்கள், பதினொரு பேரானார்கள். பிறகு அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பிரான்சைஸில் பெயர்தான் முதலில் வருகிறது. பிறகு சட்டை, பிறகு ஆட்டக்காரர்கள், கடைசியாக ஊர். ஊர்ப் பஜனை மடத்துக்கும் ஊர் ஊராகக் கொட்டகை போடுகிற நாடகக் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம். நாடகக் கம்பெனி மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பாட்டை அங்கேதான் கேட்டோம். ஆனால் அது நம்முடையது என்று சொல்ல வாய் வருகிறதா என்பது வேறு கேள்வி. 'நெதர்லாண்ட்' நாவல் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

ஓநீல் அயர்லாந்தில் பிறந்து ஹாலந்தில் வளர்ந்து, வக்கீல் தொழில் படித்து, நியூயார்க்கில் குடியேறியவர். அங்கே ஸ்டாட்டன் தீவின் கிரிக்கெட் கிளப்பில் தாமே ஆடியவர். நாவலில் கதை சொல்லுகிற ஹான்ஸ் என்பவனும் ஹாலந்துக்காரன். பாங்கியில் பெரிய சம்பளம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின், மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்விடுகிறாள். ஓட்டல் அறையில் தனியாகக் கிடக்கிறவனுக்கு ஸ்டாட்டன் தீவில் ஆடுகிற ஒரு கோஷ்டி அகப்படுகிறது. மேற்கிந்தியத் தீவுக்காரர்கள், இந்தியர்கள், பாகிஸ்தானிகள், சிலோன்காரர்கள். அவர்களுக்கு நடுவே இவன் ஒருவன் மட்டும் வெள்ளைக்காரன். அங்கேதான் சக் ராம்கிசூனைச் சந்திக்கிறான்.

சக் டிரினிடாடில் பிறந்தவன். கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை செய்வதற்காக இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வம்சம். நாவலில் அவன் அறிமுகமாகிற இடமே நன்றாக இருக்கிறது. அவன் அம்பயராக நிற்கிறான். ஆட்டத்தில் தகராறு முற்றி, ஒருவன் கைத்துப்பாக்கியோடு மைதானத்துக்குள் வந்துவிடுகிறான். மற்றவர்களெல்லாம் ஒதுங்குகிறார்கள், சக் ஒதுங்கவில்லை. ஆட்டத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்கு உள்ளே நின்றால்தான் நாம் மனிதர்கள் என்பது அவனுடைய எண்ணம். நியூயார்க்கிலே பெரிய மைதானம் கட்டவேண்டும்; அமெரிக்கர்களெல்லாம் வந்து பார்க்கவேண்டும்; பார்த்தால் திருந்துவார்கள். அமெரிக்கா கிரிக்கெட்டைக் கற்றுக்கொள்ளாதவரையில் அதன் நாகரிகம் குறைபட்டதுதான் என்று அவன் நிஜமாகவே நம்புகிறான். பழைய விமான நிலையம் ஒன்று கிடந்த இடத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புல் வளர்த்து, அதற்கு அமெரிக்கக் கழுகின் பெயரையும் வைக்கிறான்.

அவன் சொல்லுகிற சரித்திரம் பொய்யல்ல. உலகத்தில் இரண்டு தேசங்களுக்கிடையே நடந்த முதல் கிரிக்கெட் ஆட்டம் இங்கிலாந்தில் நடக்கவில்லை; 1844ல் நியூயார்க்கில் நடந்தது. அமெரிக்காவும் கானடாவும் ஆடின. கானடா 23 ரன்னில் ஜயித்தது. அந்த ஆட்டம் நடந்த செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் பிற்பாடு கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்கிய ஹாரி ரைட் என்பவர்தான், 1869ல் அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பேஸ்பால் கோஷ்டிக்குத் தலைவரானவர். பிலடெல்பியாவின் பார்ட் கிங் 1908ல் இங்கிலாந்துக்குப் போய், அந்த வருஷம் அங்கே பந்து வீசிய எல்லோரைக் காட்டிலும் நல்ல சராசரி எடுத்தார். ஆகவே சக் கொண்டுவரப் பார்ப்பது புதிய செடி அல்ல. பட்டுப்போன மரத்தின் வேருக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

ஆனால் ஓநீல் கெட்டிக்காரர். இப்படி ஒரு லட்சியவாதியைப் படைத்துவிட்டு, அவன் கையில் அழுக்கையும் பூசிவிடுகிறார். சக் திருட்டுத்தனமாக நம்பர் சூதாட்டம் நடத்துகிறான். கார் ஓட்டப் பழகும் ஹான்ஸுக்குத் துணையாக உட்காருகிற சாக்கில், அவனையே டிரைவராக வைத்துக்கொண்டு வசூலுக்குப் போய்வருகிறான். கடைசியில் ஒரு கால்வாயில் பிணமாகக் கிடக்கிறான், கைகளில் விலங்கோடு. கதையே அந்தச் செய்தி லண்டனில் இருக்கும் ஹான்ஸுக்கு எட்டுவதில்தான் ஆரம்பமாகிறது. ஆகவே மைதானம் எழும்பாது என்பது முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவன் புல் வெட்டுவதையும் உருளை இழுப்பதையும் ஆசையோடு படிக்கிறோம். நல்ல நாவலாசிரியனுக்குத்தான் இது கைவரும்.

நாவலில் என் மனசுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஹான்ஸின் ஆட்டம். ஹாலந்தில் கற்றுக்கொண்டபடி பந்தைத் தரையோடு அடித்துத்தான் அவனுக்குப் பழக்கம். அமெரிக்க மைதானங்களில் புல் சரியாக வெட்டியிருக்காது. தரையோடு அடித்த பந்து புல்லில் சிக்கி நின்றுவிடும். மற்றவர்களெல்லாம் தூக்கி அடிக்கிறார்கள், ரன் எடுக்கிறார்கள். இவன் மாட்டேன் என்கிறான். ரன் வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைப் பிராயத்தில் கற்றதை விடமாட்டேன் என்கிற பிடிவாதம். நாவலின் பிற்பகுதியில் ஒரு நாள் தூக்கி அடித்துவிடுகிறான். அன்றைக்குத்தான் தான் அமெரிக்காக்காரனாகிவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. பரதேசம் போன ஒரு மனிதன் எதை விடுகிறான், எதைப் பெறுகிறான் என்பதை ஒரே ஓர் அடியில் சொல்லிவிடுகிறார் ஆசிரியர். குடியேறியவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சாப்பாட்டையும் பண்டிகையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது மேல்.

இதை மனசில் வைத்துக்கொண்டு கிராண்ட் ப்ரெய்ரிக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும். 2023 ஜூலை 30ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் நியூயார்க் கோஷ்டியின் நிக்கலஸ் பூரன் 55 பந்தில் 137 ரன் எடுத்தார். அதில் சிக்ஸர் மட்டும் 13. அவரும் டிரினிடாட்காரர், அதாவது சக்கின் ஊர்க்காரர். ஹான்ஸ் ஒரு தடவை தூக்கி அடிக்க ஒரு நாவல் முழுக்கத் தயங்கினான். இருபது ஓவர் ஆட்டத்தில் தயங்குவதற்கு நேரமில்லை. தூக்கி அடிப்பதுதான் அங்கே இலக்கணம். பூரனின் ஆட்டம் அற்புதமான ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஹான்ஸின் அந்த ஓர் அடிக்கு இருந்த விலை 13 சிக்ஸருக்கும் சேர்த்தாலும் இல்லை. இந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்கு நாவல் வேண்டியிருக்கிறது. ஸ்கோர் போர்டு போதாது.

நாவல் வந்தபோது ஏகப்பட்ட பாராட்டு. 2009ல் பென்-பாக்னர் பரிசும் கிடைத்தது. 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலோடு பலர் ஒப்பிட்டார்கள். பெரிய கனவு, அழுக்குப் பணம், செத்துப்போகிற கனவுக்காரன், பிழைத்திருந்து கதை சொல்லுகிற நண்பன் என்று எல்லாம் பொருந்தத்தான் பொருந்துகிறது. ஜேடி ஸ்மித் என்ற நாவலாசிரியை மட்டும் அதே 2008ல் ஓர் ஆக்ஷேபணை எழுப்பினார். இது ரொம்ப நன்றாக எழுதப்பட்ட நாவல், அதுதான் அதன் குறை. வாசகனுக்கு ஏற்கெனவே வசதியாக இருப்பதையே இன்னும் வசதியாக்கிக் கொடுக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதில் பாதி நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். ஹான்ஸுக்கு வார்த்தை பஞ்சமில்லை. துக்கத்தைக்கூட நறுக்காகச் சொல்லிவிடுவான். அதனால் சில இடங்களில் துக்கமே தேய்ந்துபோகிறது. ஆனால் புகழ்ந்தவர்களும் குறை சொன்னவர்களும் பெரும்பாலும் சக்கையும் ஹான்ஸையும் பற்றியே பேசினார்கள். நாவலின் கடைசிப் பகுதியில் சில பக்கங்களே வருகிற ஒருவனை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

அவன் பெயர் பாருக் பட்டேல். சக்கின் திட்டத்துக்குப் பணம் போட இருந்த பெரிய பணக்காரன். சக் செத்த பிறகு ஹான்ஸ் அவனை லண்டனில் சந்திக்கிறான். சக்கின் யோசனை சரியா தப்பா என்று பேச்சு வருகிறது. யோசனை சரிதான், ஆனால் சக் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டான் என்பதுபோலப் பேசுகிறான் பட்டேல். அமெரிக்கர்களுக்குக் கிரிக்கெட் புரியவேண்டிய அவசியமே இல்லை. மைதானத்தை நியூயார்க்கில் கட்டு. ஆட்டத்தை இந்தியாவிலும் இங்கிலாந்திலும் டெலிவிஷனில் காட்டு. அங்கே இருக்கிற ஜனங்களே போதும். அமெரிக்கா வெறும் இடம். இவ்வளவுதான் அவன் கணக்கு.

படிக்கும்போது அவன்மேல் நமக்குக் கோபம் வருகிறது. ஒருவன் உயிரை விட்ட கனவை இப்படி நாலு வார்த்தையில் கணக்கெழுதி மூடிவிட்டானே என்று தோன்றுகிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். நாவல் வெளிவந்த 2008லேயே இந்தியாவில் ஐ.பி.எல். பந்தயம் ஆரம்பமாகிவிட்டது; கோஷ்டியைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. அமெரிக்காவில் மேஜர் லீக் கிரிக்கெட்டைத் தொடங்கியவர்கள் யார்? வில்லோ டிவி என்ற சானல் மூலம் அமெரிக்காவிலிருக்கும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட் காட்டிவந்தவர்கள். டெலிவிஷன் முதலில், மைதானம் பிறகு. இதற்கு முன்னால் 2004லேயே அமெரிக்காவில் எட்டுக் கோஷ்டிகளோடு தொழில்முறைப் பந்தயம் ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தோடு படுத்துவிட்டது. அன்றைக்கு ஐ.பி.எல்.லும் இல்லை, அதன் சொந்தக்காரர்களும் இல்லை.

சக்கின் நியூயார்க்குக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் உருக்கமான விஷயம். 2024 ஜூனில் உலகக் கோப்பைக்காக நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள ஐசன்ஹோவர் பூங்காவில் 34,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்தைச் சில மாதங்களில் நிறுத்தினார்கள். ஆடுகளத்தை ப்ளோரிடாவில் தயார் செய்து லாரியில் கொண்டுவந்து பதித்தார்கள். முதல் ஆட்டத்திலேயே இலங்கை 77 ரன்னுக்குள் சுருண்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே ஆடின. இந்தியா 119 ரன் எடுத்தும் ஜயித்துவிட்டது. மொத்தம் எட்டு ஆட்டம். பிறகு கலியாணப் பந்தலைப் பிரிக்கிற மாதிரி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நியூயார்க் பெயரைத் தாங்கிய எம்.ஐ. நியூயார்க் கோஷ்டி 2023லும் 2025லும் லீக் கோப்பையை வென்றது. அந்த மூன்று வருஷத்தில் லீக்கின் ஒரு ஆட்டம்கூட நியூயார்க்கில் நடக்கவில்லை. பட்டேல் அமெரிக்காவையாவது இடமாக வைத்திருந்தான். இங்கே இடமும் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. இந்த விஷயத்தில் டெக்ஸாஸ் கோஷ்டிக்கு ஒரு பெருமை உண்டு. பெயர் கடன் வாங்கியதானாலும், காலூன்ற அதற்குச் சொந்த மண் இருக்கிறது.

அப்படியானால் கனவு கண்டவன் முட்டாள், கணக்குப் போட்டவன் ஞானி என்று நாவல் சொல்லுகிறதா? அப்படிப் படித்தால் ஓநீலுக்கு அநியாயம் செய்வோம். பட்டேலின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. டெக்ஸாஸில் இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இந்தியாவில் மறுநாள் காலை ஆறு மணி. காப்பி போடுகிற நேரம். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்புகிற நேரம். டெலிவிஷன் கூட்டத்தை மட்டும் நம்பி இந்த லீக் நிற்க முடியாது. மைதானத்தில் வந்து உட்காருகிற ஆள் வேண்டும். முதல் ஆட்டத்தன்று அவர்கள் வந்தார்கள்; மைதானம் நிரம்பியது. டாலஸைச் சுற்றியுள்ள ஊர்களில் குடியிருக்கும் நம் தேசத்துக் குடும்பங்கள் அவை. சக் எதிர்பார்த்த அமெரிக்கர்கள் அல்ல. பட்டேல் எதிர்பார்த்த தூரதேசத்து ஜனங்களும் அல்ல. கம்ப்யூட்டர் வேலை பார்த்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, பழைய ஊரின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொள்ள ஒரு இடத்துக்காகக் காத்திருந்தவர்கள். இந்த மனிதனை நாவலில் காணோம்.

நாவலின் உண்மையான குறை இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஸ்டாட்டன் தீவில் ஹான்ஸோடு ஆடுகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பந்து வீசும் விதம்கூட இருக்கிறது. வீடுதான் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள், யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று நாவல் எட்டிப் பார்ப்பது அபூர்வம். கதை சொல்லுகிறவன் பணக்காரன். அவனுடைய வார நாளில் அவர்களுக்கு இடமில்லை. சக் ஒருவனுக்குத்தான் நாவலில் வாய். அவனைக் கொன்றுவிட்ட பிறகு மற்றவர்கள் ஊமையாகிவிடுகிறார்கள்.

நிஜ உலகத்தில் அவர்கள் ஊமையாக இல்லை. சௌரப் நேத்ரவல்கர் பம்பாயில் பிறந்து, 2010ல் இந்தியாவின் இளைஞர் அணியில் ஆடி, மேல்படிப்புக்காக அமெரிக்கா போய் ஆரக்கிள் கம்பெனியில் எஞ்சினியரானவர். 2023ல் வாஷிங்டன் கோஷ்டிக்காக 9 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார். 2024 ஜூன் 6ஆம் தேதி, அதே கிராண்ட் ப்ரெய்ரி மைதானத்தில், அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்தபோது கடைசி சூப்பர் ஓவரை வீசியவரும் அவர்தான். நியூ ஜெர்ஸியிலேயே பிறந்த சாய்தேஜா முக்கமல்லா என்ற பையன் 2023ல் டெக்ஸாஸ் கோஷ்டியில் இடம் பெற்றான். அமெரிக்கன் கிரிக்கெட் ஆடவேண்டும் என்று சக் ஆசைப்பட்டான். ஆடுகிற அமெரிக்கன் இப்படி ஒரு வீட்டிலிருந்து வருவான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் சொந்த ஜனங்களின் பிள்ளைகளே அமெரிக்கர்கள்தான் என்பதை அவன் மறந்துவிட்டான். மறந்தது சக்கா, ஓநீலா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இந்தக் குறையைச் சொன்ன பிறகும் 'நெதர்லாண்ட்' படிக்கவேண்டிய நாவல் என்றே சொல்லுவேன். நமக்குப் பிடித்தவன் வாயில் ஆசையை வைத்து, பிடிக்காதவன் வாயில் உண்மையை வைப்பதற்கு ஆசிரியனுக்கு நேர்மை வேண்டும். ஓநீலுக்கு அது இருந்திருக்கிறது. 2028ல் லாஸ் ஏஞ்செலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்திருக்கிறார்கள். 1900க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அப்போது சக்கின் பெயரைச் சொல்லி அவன் கனவு பலித்தது என்று பலர் எழுதக்கூடும். அவர்கள் பட்டேல் வருகிற அந்தச் சில பக்கங்களையும் ஒரு தடவை படித்துவிட்டு எழுதுவது நல்லது. பிறகு, அந்த இருவருக்கும் நடுவில் மஞ்சள் சட்டையோடு பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவனைப் பற்றி, அவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே யாராவது ஒரு நாவல் எழுதவேண்டும். அதை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்பதும் இல்லை.